லால்பாக் கண்ணாடி மாளிகை: பூ பார்க்கப் போகிறவர்களுக்கு ஓசூர் ரோஜாக்காரன் சொல்வது

ஜனவரியும் ஆகஸ்டும் நெருங்கினால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். தர்மபுரியிலிருந்து பெரியம்மா, சேலத்திலிருந்து மைத்துனர், வேலூரில் இருக்கும் பழைய வகுப்புத் தோழன் என்று எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “லால்பாக்கில் பூக்காட்சி போட்டுவிட்டார்களாமே, என்றைக்கு வந்தால் நன்றாக இருக்கும்?” ஓசூருக்குப் பக்கத்தில் பசுமைக்குடிலில் ரோஜா பயிரிட்டு பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவன் நான். பூவைப் பற்றி என்னிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போனில் அரைகுறையாகச் சொல்லி வந்ததை இங்கே முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

பெங்களூர் லால்பாக் தோட்டத்தின் நடுவில் இரும்பும் கண்ணாடியுமாக நிற்கிற அந்தக் கூடம் 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை, குடியரசு தினத்தை ஒட்டியும் சுதந்திர தினத்தை ஒட்டியும், அங்கே மலர்க் கண்காட்சி நடக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பூவைப் பார்த்துவிட்டு, அந்தப் பூ எந்தக் கூரையின் கீழ் இருந்தது என்பதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. பூவை நான் தினமும் பார்க்கிறேன். அந்தக் கூடத்தைப் போல் இன்னொன்றை இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த நாளில் போவது

காட்சி பத்துப் பன்னிரண்டு நாட்கள் நடக்கும். கூடத்தின் நடுவில் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பெரிய உருவத்தைப் பூக்களாலேயே எழுப்புவார்கள். 2022 ஆகஸ்டில் நடிகர் ராஜ்குமாருக்கும் புனீத் ராஜ்குமாருக்கும் அஞ்சலியாக அமைத்தார்கள். 2023 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா. 2024 ஜனவரியில் கன்னடச் சமயச் சீர்திருத்தவாதி பசவண்ணரும், வசனம் எனப்படும் கன்னடப் பக்திப் பாடல் இலக்கியமும். 2025 ஜனவரியில் வால்மீகி. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே வண்ணப் பரப்பாகத் தெரியும். கிட்டே போய்ப் பாருங்கள். இரும்புச் சட்டத்தின் மேல் பச்சை நிற நுரைக்கட்டிகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். எங்கள் தொழிலில் அதை ஓயாசிஸ் என்போம். தண்ணீரில் நன்றாக ஊற வைத்த அந்தக் கட்டியில் ஒவ்வொரு பூவையும் இரண்டு விரற்கடைக் காம்புடன் நறுக்கிச் செருகுகிறார்கள். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே பச்சை தெரியக் கூடாது. அதுதான் வேலைக்காரரின் திறமை. ஒரு சாண் பரப்பில் எத்தனை ரோஜா செருகியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே, மொத்த உருவத்துக்கும் எத்தனை லட்சம் பூ போயிருக்கும் என்பது மனதில் பதியும்.

வெட்டிய பூவுக்கு ஆயுள் உண்டு. தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜாவை நுரைக்கட்டியில் செருகினால் முதல் இரண்டு நாட்கள் இதழ் விறைப்பாக நிற்கும். நான்காவது நாளில் வெளி இதழின் ஓரம் கறுக்கத் தொடங்கும். சாமந்தி அதைவிடப் பொறுமைக்காரி. ஒரு வாரம் தாங்குவாள். காட்சி நடத்துகிறவர்களுக்கு இது தெரியும். ஆகவே நடுவில் ஒருமுறை பழைய பூக்களைக் களைந்துவிட்டுப் புதிதாகச் செருகுவது வழக்கம். நீங்கள் போகவேண்டியது தொடங்கிய முதல் இரண்டு நாட்களில், அல்லது பூ மாற்றிய மறுநாள். மாற்றும் நாளைப் பற்றிக் கன்னட நாளிதழ்களில் செய்தி வரும். பெங்களூரில் உறவினர் இருந்தால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாட்களில் போகவே வேண்டாம் என்பது என் கட்டாயமான கருத்து. கூடத்தில் நிற்க முடியாது. கயிறு கட்டிய பாதையில் பின்னால் இருப்பவர்கள் தள்ளத் தள்ள நகர வேண்டியதுதான். விடுமுறை நாளில் டிக்கெட் விலையும் கூடுதல். வாரநாளில் பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் கூட்டமாக வருவார்கள், ஆனால் அவர்கள் வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். கதவு திறந்ததும் உள்ளே நுழைகிறவருக்கு ஒரு மணி நேரம் கூடம் ஏறக்குறைய சொந்தமாகக் கிடைக்கும். டிக்கெட்டை இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். வாசல் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

ஜனவரியா ஆகஸ்டா என்று கேட்டால், பூவுக்கு ஜனவரி. பனிக்காலத்துக் குளிரில் டாலியா, பெட்டூனியா, ஃப்ளாக்ஸ், சால்வியா எல்லாம் நிறம் கொட்டி மலரும். தொட்டிச் செடிகள் வாடாமல் நிற்கும். ஆகஸ்டில் தூறல் இருக்கும், புல்வெளி சேறாகிவிடும். ஆனால் கூடத்தைப் பார்க்க ஆகஸ்ட் தனி அழகு. மழை கண்ணாடிக் கூரையில் விழும் ஓசையைக் கேட்க நான் தூறல் நாளாகப் பார்த்தே போவேன்.

போய்ச் சேருவது

சென்னை, வேலூர், காட்பாடிப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் பெங்களூர் சிட்டி நிலையத்தில் இறங்கி, எதிரே மெஜஸ்டிக் மெட்ரோவில் பச்சை வழித்தடத்தில் சில்க் இன்ஸ்டிடியூட் போகும் ரயிலில் ஏற வேண்டும். சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ், அடுத்தது லால்பாக். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்தவர்களுக்கு 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடம் பெரிய வரப்பிரசாதம். ஓசூர் பஸ்ஸில் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறினால் கடைசி நிலையம் ஆர்.வி. ரோடு. அங்கே பச்சைத் தடத்தில் மாதாவரா போகும் ரயிலுக்கு மாறி, ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள் தாண்டி லால்பாக்கில் இறங்கலாம். முன்பு சில்க் போர்டு சந்திப்பில் நின்று நின்று போன காலத்தை நினைத்தால் இது வேறு உலகம்.

மெட்ரோவிலிருந்து மேற்கு வாசல் பக்கம். தோட்டத்துக்கு நான்கு திசையிலும் வாசல் உண்டு. கண்ணாடி மாளிகைக்குப் போகிறவர்களுக்கு மேற்கு வாசல் வசதி. காரில் வந்தே தீருவேன் என்கிறவர்கள் காட்சி நாட்களில் சாந்திநகர் பஸ் நிலையத்தின் அடுக்கு வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடப்பதே நல்லது. தோட்டத்தைச் சுற்றி நிறுத்த இடம் தேடுவது வீண் அலைச்சல்.

தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்து எஃகில் எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக்கை உள்ளே விடமாட்டார்கள். தோட்டம் 240 ஏக்கர். வயதானவர்களுக்கு நல்ல செருப்பும், கையில் ஒரு குடையும் வேண்டும்.

கூடத்துக்குள் எங்கே நிற்பது

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நடுவிலிருக்கும் பூ உருவத்தை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் வாசலில் கொஞ்சம் ஒதுங்கி நின்று அண்ணாந்து பாருங்கள். மெலிந்த இரும்புத் தூண்கள், அவற்றின் உச்சியிலிருந்து விரியும் வேலைப்பாடுள்ள வளைவுகள், அதற்கும் மேலே கண்ணாடி. இவ்வளவு பெரிய பரப்பைத் தாங்கும் தூண் இவ்வளவு ஒல்லியாக இருக்க முடியும் என்று கண் நம்ப மறுக்கும். ஒரு தூணின் அருகே போய் வளைவை உற்றுப் பாருங்கள். இலையும் கொடியுமான அந்த வேலைப்பாட்டை யாரும் உளியால் செதுக்கவில்லை. உருகிய இரும்பை அச்சில் ஊற்றி எடுத்தது. ஒரே அச்சு என்பதால் ஒரு தூணில் உள்ள சுருள் அடுத்த தூணிலும் மயிரிழை பிசகாமல் இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வால்டர் மாக்ஃபர்லேனின் சாரசன் வார்ப்பாலையில் வார்த்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து பூட்டியவை இவை. பல அடுக்குப் பெயிண்டுக்கு அடியில் விளிம்புகள் மழுங்கியிருந்தாலும் இலை நரம்பு இன்னும் விரலுக்குத் தட்டுப்படும்.

பெரியம்மாவை முதன்முதலாக அழைத்துப் போனபோது, அவர் பூவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டது இதுதான்: “இவ்வளவு பெரிய கட்டடம், சுவர் எங்கேடா?” சரியான கேள்வி. பேருக்குக் கண்ணாடி மாளிகை என்றாலும் ஆள் உயரத்தில் கண்ணாடிச் சுவர் கிடையாது. பக்கவாட்டில் காற்று தாராளமாகப் போய் வருகிறது. கண்ணாடியெல்லாம் மேலேதான்.

இதற்குக் காரணத்தைப் பசுமைக்குடில் வைத்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் நம் வாழையும் பனையும் பிழைக்க வேண்டுமானால் நான்கு பக்கமும் அடைத்த கண்ணாடி வீடு தேவை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூரில் அந்தத் தேவை இல்லை. நான்கு பக்கமும் அடைத்தால் ஏப்ரல் மாதத்தில் செடி வெந்துவிடும். என் குடிலில் 200 மைக்ரான் பாலித்தீன் கூரை போட்டிருக்கிறேன். விடிந்ததும் முதல் வேலை பக்கத் திரைகளைச் சுருட்டிவிடுவது. கண்ணாடி மாளிகையில் அந்த வேலையே தேவைப்படாதபடி கட்டிவிட்டார்கள். மேலே ஒளி, பக்கத்தில் காற்று, மழைக்கு மறைப்பு. வெட்டிய பூ வாடாமல் நிற்க இதைவிடப் பொருத்தமான கூரையை நான் அறியேன்.

இந்த வடிவத்தின் மூலம் லண்டனில் இருக்கிறது. 1851-இல் ஹைடு பார்க்கில் உலகப் பொருட்காட்சிக்காக எழுப்பிய கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துத்தான் லால்பாக் கூடத்தைச் சிறிய அளவில் அமைத்தார்கள். அந்த லண்டன் மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் தொழிலால் தோட்டக்காரர். ஒரு பிரபுவின் தோட்டத்தில் தென்னமெரிக்காவின் ராட்சத அல்லியை வளர்த்து மலர வைத்தவர். அந்த அல்லி இலை ஆளையே தாங்கும். 1849-இல் தம் மகளை அதன்மேல் நிற்க வைத்துக் காட்டினார். இலையைத் திருப்பிப் பார்த்தால் நடுவிலிருந்து ஓரம் வரை கிளை கிளையாகப் பிரியும் தடித்த நரம்புகளும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் மெல்லிய நரம்புகளும் இருக்கும். மெல்லிய இரும்புச் சட்டத்தில் பெரிய கண்ணாடிக் கூரையைத் தாங்க வைக்கும் வழியை அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். அங்கே தூண்களைக் குழாயாக வார்த்து, கூரை மழைநீர் அவற்றின் வழியே இறங்கும்படி செய்திருந்தார். பின்னர் அந்த மாளிகையைப் பிரித்து சிடன்ஹாம் என்ற இடத்தில் திரும்பக் கட்டினார்கள். 1936-இல் எரிந்து போயிற்று. மூலம் சாம்பலாகிவிட்டது, அதைப் பார்த்துக் கட்டியது நம் பக்கத்தில் நிற்கிறது. ஒரு தோட்டக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்ததில் தொடங்கிய கட்டடக்கலை இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பெங்களூரில் இதற்குக் காரணமாக இருந்தவரும் தோட்டத்துறைக்காரர்தான். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ஜான் கேமரான் 1874 முதல் 1908 வரை லால்பாக்கின் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் காலத்தில், 1889 நவம்பர் 30 அன்று, விக்டோரியா ராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். முதலில் கூடத்துக்கு அவர் பெயரே இருந்தது. நம் சமையலறைக்கும் கேமரானுக்கும் ஓர் உறவு உண்டு. சாம்பாரிலும் கூட்டிலும் போடுகிற சௌசௌ, சென்னைப் பக்கம் பெங்களூர் கத்திரிக்காய் என்பார்களே, அது இந்தப் பகுதியில் பரவியது அவர் லால்பாக்கில் பயிரிட்டுப் பார்த்த பிறகுதான் என்பார்கள்.

கூடம் சிலுவை போல நான்கு பக்கமும் நீள்கிறது. கிழக்குச் சிறகு மட்டும் 1935-இல் சேர்த்தது. நடுச் சந்திப்பில் நின்று ஒவ்வொரு திசையாகத் திரும்பிப் பார்த்தால்தான் கட்டடத்தின் முழு அளவு புரியும். காட்சி நாளில் அந்த இடத்தைப் பூ உருவம் அடைத்துக்கொண்டிருக்கும். கூட்டம் நகர்த்திக்கொண்டே போகும். அதனால்தான் இன்னொரு முறை வாருங்கள் என்கிறேன்.

காட்சி இல்லாத நாள்

பிப்ரவரியிலோ நவம்பரிலோ ஒரு வாரநாள் காலையில் வாருங்கள். தோட்டம் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். நடைப்பயிற்சிக்காரர்களோடு நீங்களும் நுழையலாம். அந்த நாட்களில் கூடத்துக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள். பரவாயில்லை. பக்கங்கள் திறந்தே இருப்பதால் வெளியே நின்றே முழுவதும் பார்க்கலாம். கூடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், அவசரம் வேண்டாம். கிழக்கிலிருந்து வெயில் ஏறும்போது இரும்பு வளைவுகளின் நிழல் தரையில் நீளமாக விழுந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கும். முகப்பின் அரைவட்டத்தில் கண்ணாடிகளைத் தாங்கும் மெல்லிய சட்டங்களை எண்ணலாம். பூவும் ஆளும் நிறைந்த நாளில் இவை எதுவும் கண்ணில் படாது. புகைப்படம் எடுக்கிறவர்களுக்கும் இதுதான் நாள். சற்றுத் தள்ளி நின்றால் குறுக்கே ஆள் இல்லாமல் முழு முகப்பும் கிடைக்கும்.

பழைய கட்டடங்கள் தாமாக நிற்பதில்லை என்பதற்கு இதே தோட்டத்தில் சாட்சி உண்டு. கேமரானுக்குப் பிறகு 1908-இல் வந்து 1932 வரை தோட்டத்தை நடத்தியவர் ஜெர்மானியரான கிரும்பிகல். லால்பாக்கை ஒட்டிய சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. தோட்டத்துக்குள் அவர் பெயரில் ஒரு பழைய மண்டபமும் இருந்தது. பராமரிப்பு இல்லாமல் 2017-இல் அது இடிந்து விழுந்தது. இரும்புக்குத் துருவும் கண்ணாடிக்கு விரிசலும் எப்போதும் காத்திருக்கின்றன. கண்ணாடி மாளிகையில் எங்காவது பெயிண்ட் உரிந்தோ கண்ணாடி உடைந்தோ இருப்பதைக் கண்டால், தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். நான் சொல்லுவேன். வெளியூர்க்காரன் நமக்கென்ன என்று போகிற விஷயம் இல்லை இது.

கூடத்துக்கு வெளியே

அருகிலேயே குதிரைமேல் அமர்ந்த சாமராஜ உடையார் சிலையும், இசைக்குழு மேடையும் இருக்கின்றன. சுற்றுப்புறத்தில் தலைவர்கள் வந்தபோது நட்ட மரங்கள் உண்டு. 1961-இல் எலிசபெத் ராணி நட்ட அராக்கேரியா மரம் அவற்றில் ஒன்று. மரத்தடிப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்கள். எச்.எம்.டி. பூக்கடிகாரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரிய வெள்ளை இலவ மரத்தின் வேர்ப்பகுதியைப் பார்க்காமல் வரக் கூடாது. ஒவ்வொரு வேரும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினாற்போல் நிற்கும்.

லால்பாக் பாறை தனிக் கதை. ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையான நீஸ் பாறை; இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதன் உச்சியில் பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடரின் காவல் கோபுரங்களில் ஒன்று இருக்கிறது. காலையிலோ மாலையிலோ ஏறுங்கள்; உச்சி வெயிலில் பாறை சுடும். தமிழ்நாட்டுக்காரர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஒன்றும் தோட்டத்தில் இருக்கிறது: விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து வந்த கல்மரம். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. மரத்தின் நார் ஓடும் திசை கல்லிலும் அப்படியே தெரியும். திருவக்கரைக்குப் போயிராதவர்கள் இங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தோட்டத்தின் தொடக்கம் 1760. ஹைதர் அலி போட்டது, திப்பு வெளிநாட்டுச் செடிகளை வரவழைத்து வளர்த்தது. மண்ணில் வேலை செய்தவர்களில் திகளர்கள் முக்கியமானவர்கள். பரம்பரையாகத் தோட்ட வேலை செய்த சமூகம். அவர்கள் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். பெங்களூரின் பெரிய திருவிழாவான கரகமும் அவர்களுடையதுதான். பழைய தோட்டக்காரர் யாரேனும் அகப்பட்டால் தமிழில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மரத்தைப் பற்றிப் பலகையில் இல்லாத செய்தி கிடைக்கும்.

காட்சி நாட்களில் எம்.எச். மரிகௌடா மண்டபத்தில் ஜப்பானிய மலர் அலங்காரமான இகெபனா, காய்கறிச் செதுக்கல், போன்சாய் போன்ற போட்டிகளும் நடக்கும். 1912-இல் தொடங்கிய மைசூர் தோட்டக்கலைச் சங்கமும் அரசுத் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து நடத்துகிற காட்சி இது. வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த மண்டபத்துக்குப் போகாமல் திரும்ப வேண்டாம். மலர் அமைப்பில் மூன்று தண்டை வைத்துக்கொண்டு ஒருவர் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று அங்கே பார்க்கலாம்.

செடி வாங்குகிறவர்களுக்கு

வெளியே வரிசையாக நர்சரிக் கடைகள் இருக்கும். இந்த இடத்தில் நான் தொழில்காரனாகவே பேசுகிறேன். பூத்துக் குலுங்கும் தொட்டியை வாங்காதீர்கள். அந்தச் செடி தன் பலத்தையெல்லாம் பூவில் செலவழித்துவிட்டது. பஸ்ஸில் ஆடி அசைந்து ஊர் வந்து சேர்ந்ததும் பூவை உதிர்த்துவிட்டு வாடி நிற்கும். மொட்டும் தளிரும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். தண்டின் அடியைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். மண்ணோடு உறுதியாக நின்றால் வேர் பிடித்த செடி, தளர்வாக ஆடினால் காட்சிக்காக நேற்றுத் தொட்டிக்கு மாற்றியது. தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்த்தால் தயங்காமல் வாங்கலாம்.

ஒட்டு ரோஜா வாங்கினால் ஒட்டுக் கட்டிய இடத்தைக் கண்டுபிடியுங்கள். அடித்தண்டில் மண்ணுக்குச் சற்று மேலே முடிச்சுப் போலத் தடித்திருக்கும். அதற்குக் கீழேயிருந்து துளிர் கிளம்பியிருந்தால் அது காட்டு ரோஜாவின் துளிர்; ஓங்கி வளரும், நீங்கள் ஆசைப்பட்ட பூ வராது. நகத்தால் அடியோடு கிள்ளிவிட வேண்டும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய வலையும் புள்ளி புள்ளியாக நகரும் சிலந்திப் பேனும் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் செடிகளுக்கும் தொற்றிவிடும்.

விதை வாங்குகிறவர்கள் பொட்டலத்தில் அடைத்த தேதியைப் பார்க்க வேண்டும். டாலியா, ஃப்ளாக்ஸ் போன்ற குளிர்காலப் பூக்கள் பெங்களூர்க் காற்றுக்குப் பழகியவை. ஓசூர், ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்றால் வாங்குங்கள். சேலம், வேலூர், சென்னை வெயிலுக்கு அவை தாங்காது. அங்கிருந்து வருகிறவர்களுக்கு அரளி, செம்பருத்தி, போகன்வில்லாவில் நல்ல நிறங்களாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்வேன். எதை வாங்கினாலும் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக வாங்குங்கள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு பாறை ஏற முடியாது.

பசிக்கு, தோட்டத்துக்குள் ஹாப்காம்ஸ் கடையில் பழச்சாறு கிடைக்கும். சாப்பாட்டுக்கு லால்பாக் சாலையில் எம்.டி.ஆர். இருக்கிறது, 1924-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் ரவா இட்லியைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான் என்பார்கள். காத்திருக்க நேரும். மேற்கு வாசல் பக்கம் வெளியே வருகிறவர்கள் காந்தி பஜாருக்குப் போய் வித்யார்த்தி பவனில் தோசை சாப்பிடலாம். அங்கேயும் வரிசைதான், ஆனால் மொறுமொறுப்பான அந்தத் தோசைக்காக நிற்கலாம் என்பது என் எண்ணம்.

வாங்கிய செடியை ஊர் போய்ச் சேர்ந்த அன்றே நட வேண்டாம். நான்கைந்து நாட்கள் நிழலில் வைத்து, காலையில் மட்டும் தண்ணீர் விட்டு, புதிய இலை நிமிர்ந்த பிறகு மாலை நேரத்தில் நடுங்கள். முதல் பூவை மொட்டிலேயே கிள்ளிவிட்டால் கிளை நன்றாகப் பிரியும். பெரியம்மாவுக்கு மனசு வராது என்று தெரிந்தே ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறேன்.